அரக்கு நிறக் கால்கள்

ஸ்ரீஹரி லெகோ கட்டிடத்தின் மொட்டை மாடியை இரண்டு கைகளாலும் தூக்கி மேஜை ஓரத்தில் வைத்தபோது முத்துலட்சுமி ஹாலில் இல்லை. மண்டபத்தின் பின்பக்கம், கண்காட்சியில் பங்கெடுப்பவர்களுக்காக வரவழைத்திருந்த சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டியவர் பக்கத்தில் இல்லாதபோது அவருடைய கட்டிடத்தை இன்னொருவர் திறக்கக் கூடாது என்பது லெகோ கட்டைகளால் கட்டும் அந்தக் குழுவின் வழக்கம். அதை எல்லோருக்கும் எழுதி அனுப்பியவனே ஸ்ரீஹரிதான். ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவர் அவளுடைய கணவர் சுயம்புலிங்கம். கட்டிடத்தின் அசலுக்குச் சொந்தக்காரர். முகப்பில் வெள்ளைக் கட்டைகளால் ‘உவரியார் ஸ்டோர்ஸ்’ என்று எழுதியிருந்ததைக் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் படித்துக்கொண்டிருந்தார். தி.நகரிலிருந்து கடையை விட்டுவிட்டு லஸ் வரைக்கும் வந்தவருக்கு வெளிச்சுவரை மட்டும் காட்டி அனுப்புவது ஸ்ரீஹரிக்கு மரியாதையாகப் படவில்லை. லெகோ கட்டுகிற பெரியவர்களுக்கு உள்ளேதான் பெருமை. யாரும் பார்க்கப்போகாத அறையிலும் விளக்கு, அலமாரி, சுவர்க்கடிகாரம் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு மாடியும் தனியாகக் கழன்று வரும். தெரிந்தவர்களுக்கு அதைக் கழற்றிக் காட்டுவதுதான் அவர்கள் செய்யக்கூடிய உச்சமான உபசாரம்.

“வெளியில பாக்கறது ஒண்ணுமே இல்ல சார். உள்ள பாருங்கோ” என்று சொல்லி மூன்றாம் மாடியை எடுத்தான். பிறகு இரண்டாம் மாடி. முதல் மாடி திறந்து கிடந்தது. அது பட்டுப்புடவைப் பிரிவு.

சுயம்புலிங்கம் குனிந்து பார்த்தார். அலமாரிகள் சரியாக இருந்தன. படிக்கட்டு வளைகிற இடம் சரியாக இருந்தது. தூணில் ஒட்டியிருந்த கண்ணாடிகூட இருந்தது. கவுண்டர்களுக்குப் பின்னால் விரல் கணு அளவுப் பெண் பொம்மைகள் பதினொன்று, கடையின் சீருடையான அரக்கு நிறத்தில், ஆளுக்கு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தன. கழற்றி வைத்த மற்ற மாடிகளைத் திரும்பிப் பார்த்தார். சுடிதார்ப் பிரிவிலும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் பிரிவிலும். வாடிக்கையாளர்கள் மட்டும் நின்றார்கள்.

முத்துலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது மாடிகள் டிபன் கேரியர் அடுக்குகள்போல மேஜையில் பரப்பிக் கிடந்தன. அவள் நடை தயங்கியது. இரண்டு நாட்களும் கயிற்றுக்கு அப்பால்தான் கூட்டம் நிற்கும், தான் திறந்தால்தான் கட்டிடம் திறக்கும் என்று நம்பியிருந்தாள். கடை ஆட்களில் யாரும் இங்கே வரப்போவதில்லை என்றும் நம்பியிருந்தாள்.

அந்தக் கடையின் முதல் மாடியில் பில் கவுண்டரில் அவள் பத்தொன்பது வருடங்கள் உட்கார்ந்திருந்தாள். அந்த மாடியில் இருந்த ஒரே நாற்காலி அவளுடையது. சாத்தான்குளம், திசையன்விளை, நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும்வரை நிற்பார்கள். முகத்தைவிட அவர்களுடைய கால்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பாதத்தால் மறு கெண்டைக்காலைத் தேய்ப்பாள். ஒருத்தி கவுண்டரில் இடுப்பைச் சாய்த்து ஒரு காலுக்கு மட்டும் ஓய்வு கொடுப்பாள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கணுக்கால்கள் வீங்கி கொலுசு இறுகிவிடும். ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது சுயம்புலிங்கம் மாடிக்கு நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டார். ஒரு வாரத்தில் அவற்றின் மேல் துணிப்பைக் கட்டுகள் ஏறின. யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை. பைகளை வைக்க வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். சுயம்புலிங்கமும் உட்காருவதில்லை. முப்பது வருடமாக வாசலில் நின்றுதான் வியாபாரம் பார்க்கிறார்.

மூன்று வருடங்களுக்கு முன் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மாதம் அவள் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. மகன் வெங்கடேஷ் வெளிநாடு போகும்போது விட்டுப்போன மூன்று அட்டைப்பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். முதலில் கட்டைகளை நிறம் பார்த்துப் பிரித்தாள். பிறகு நிறம் பார்த்துப் பிரித்தால் வேண்டியது கிடைக்காது, வடிவம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்று அவளுக்கே புரிந்தது. அபிராமபுரத்தில் ஸ்ரீஹரியின் வீட்டு மொட்டை மாடி அறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் குழுவைப் பற்றி வெங்கடேஷ்தான் போனில் சொன்னான். போனாள். பல் மருத்துவர், வங்கி அதிகாரி, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் என்று பதினாலு ஆண்கள், பாட்டு டீச்சர் ஸஹானா, பிறகு இவள். முதல் முறை முந்திரிக்கொத்து கொண்டுபோனாள். இரண்டாவது முறை, அவள் கொண்டுபோகாதது பற்றி ஹம்மாத் என்ற பல் மருத்துவர் அவளிடம் வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பிறகு அவளுக்கு அங்கே கூச்சம் இல்லை.

கடையைக் கட்டப்போகிறேன் என்று அவள் சொன்னபோது புடவைப் பெண்களுக்கு யோசனை சொன்னது ஸ்ரீஹரி. பொம்மைகளுக்குக் கால்களுக்குப் பதில் சாய்வான ஒரு கட்டையைப் பொருத்தினால் கொசுவம் வைத்த புடவை மாதிரியே தெரியும். குழுவில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஸஹானா கட்டிய கச்சேரி மேடையில் தம்பூரா வாசிக்கிற பெண்ணுக்குக்கூட அதுதான். அரக்கு நிறத்தில் முப்பத்துநாலு சாய்வுக்கட்டைகளை அவனே தேடிப்பிடித்து வரவழைத்தான். முத்துலட்சுமி பொருத்திப் பார்த்தாள். அழகாக இருந்தது. அடித்தட்டின் நாலு குமிழ்களில் இறுக்கமாகப் பிடித்து அசையாமல் நின்றன. ஒரே ஒரு குறைதான். சாய்வுக்கட்டைக்கு இடுப்பு மடங்காது. எப்போதும் நிற்கும். மூன்று வாரங்கள் கழித்து, அரக்கு நிறத்தில் மடங்குகிற கால்கள் கிடைக்குமா என்று கேட்டாள். அது கால்சட்டை போட்ட மாதிரி இருக்குமே ஆன்ட்டி என்றான் ஸ்ரீஹரி. பரவாயில்லை என்றாள். காரணம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

இப்போது சுயம்புலிங்கம் அவள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“எதுக்கு முத்து எல்லாத்தையும் உக்கார வச்சிருக்கே?”

“நின்னா விழுந்துருதுங்க. மாடியத் தூக்கும்போது சாயுது. உக்காந்தா பிடிச்சுக்கிடும்.”

ஸ்ரீஹரி அவளைப் பார்த்தான். சாய்வுக்கட்டைகள் விழவே விழாது என்பது அவனுக்குத் தெரியும். அவை இன்னமும் அவன் கொடுத்த டப்பாவிலேயே அவள் பைக்குள் இருக்கின்றன என்பதும் தெரியும். மூன்றாம் மாடியின் ஓரத்தில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

“கடையில நாலு பேரு உக்காந்திருந்தா வியாபாரம் ஓடாத கடைன்னு அர்த்தம்” என்றார் சுயம்புலிங்கம். பிறகு, காலையிலேயே கடைப் பெண்களிடம் தான் ஏற்பாடு செய்துவிட்டதைச் சொன்னார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு இரண்டு வேனில் இருபத்திரண்டு பேரைக் கூட்டி வருகிறார். அவர்கள் எல்லோரும் இந்தக் கட்டிடத்துக்குள் இருக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லியும்விட்டார். முத்துலட்சுமிக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருந்த சந்தோஷம் இது. சொல்லும்போது அவர் முகத்தில் அது இன்னமும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“அதுக பாத்தா என்ன நினைக்கும்? மொதலாளியம்மா கேலி பண்ணுதான்னு நினைக்காதா? காலையில சீக்கிரம் வந்து எல்லாத்தையும் நிப்பாட்டிரு.”

அவர் போன பிறகு ஸ்ரீஹரி மன்னிப்புக் கேட்டான். நீங்கள் இல்லாமல் திறந்திருக்கக் கூடாது என்றான். அதனால் என்ன என்று அவள் மாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூடினாள். வியாபாரம் ஓடாத கடை என்று கணவர் சொன்னது அவளை அவ்வளவாகத் தொடவில்லை. கேலி என்ற சொல்தான் உள்ளே நின்றது. அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. நினைத்துத்தான் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்தவள், கடையில் ஒரு வார்த்தை பேசாமல், வீட்டில் உட்கார்ந்து பொம்மைகளுக்கு ஸ்டூல் செய்திருக்கிறாள். அந்தப் பெண்கள் அதைக் கேலியாகத்தான் எடுத்துக்கொள்வார்களோ என்று அவளுக்கே தோன்றியது.

ஞாயிறு காலை எட்டரைக்கெல்லாம் வந்துவிட்டாள். ஹாலில் ஆள் இல்லை. பக்கத்து மேஜையில் ஹம்மாத்தின் பறக்கும் ரயில் நிலையம், அதற்கடுத்து அடையாறு உடைந்த பாலம், எல்லாம் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன. பையிலிருந்து சாய்வுக்கட்டை டப்பாவை எடுத்தாள். பொம்மையை ஸ்டூலிலிருந்து பிடுங்கி, இடுப்போடு காலைக் கழற்றி, சாய்வுக்கட்டையைச் சொருகி, கவுண்டருக்குப் பின்னால் அழுத்த வேண்டும். ஒன்றுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பட்டுப்புடவைப் பிரிவு முழுவதும் நின்றது. கடை கடை மாதிரியே இருந்தது. உண்மையில் முன்பைவிட அச்சு அசலாக இருந்தது. புடவை, வரிசை, தயாராக நிற்கிற தோரணை. கழற்றிய கால்கள் பதினொரு ஜோடி, மேஜையில் மடங்கியபடி ஒரு பக்கமாகக் கிடந்தன.

அவள் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் பொம்மையை எடுத்து, சாய்வுக்கட்டையைக் கழற்றி, காலை மாட்டி, மடக்கி, ஸ்டூலில் வைத்தாள். திருப்பி வைக்கவும் அதே அளவு நேரம்தான் ஆனது. பத்து மணிக்கு ஸ்ரீஹரி வந்து விளக்குகளைப் போட்டபோது கட்டிடம் மூடியிருந்தது. டப்பா பையில் இருந்தது.

பதினொன்றே காலுக்கு வேன்கள் வந்தன. சீருடையில் இல்லாததால் முதலில் அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. சுடிதாரும் பாவாடை தாவணியும் மல்லிகைப் பூவுமாக வந்து நின்றார்கள். சுயம்புலிங்கம் முன்னால் வந்தார். அவள் அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, மாற்றவில்லை என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பெண்கள் கயிற்றைச் சுற்றிவிட்டார்கள். ஏட்டி, நம்ம போர்டு பாரு என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி வாசலில் நின்ற முதலாளி பொம்மையைக் காட்டி, அண்ணாச்சிக்கு இவ்வளவு முடி ஏது என்று மெதுவாகக் கேட்டாள். அவளைச் சுற்றி நாலு பேர் சிரிப்பை விழுங்கினார்கள். உள்ளே நாங்களும் இருக்கோமாமே அக்கா, திறங்களேன் என்றார்கள். சுயம்புலிங்கம் பக்கத்து மேஜை ரயில் நிலையத்தின் பக்கம் பார்த்தார்.

முத்துலட்சுமி மொட்டை மாடியைத் தூக்கினாள். மூன்றாம், இரண்டாம் மாடிகளை ஸ்ரீஹரியிடம் எடுக்கச் சொன்னாள். முதல் மாடி திறந்ததும் இருபத்திரண்டு தலைகளும் குனிந்தன.   அவள் அவர்களுடைய முகங்களைப் பார்க்காமல் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தூணுக்குப் பக்கத்தில இருக்கது நான்தான் என்று யாரோ சொல்ல, அப்படியானால் இது நான், அது ராஜாத்தி என்று இடம் பிரிக்க ஆரம்பித்தார்கள். கழற்றி வைத்த மாடிகளையும் சேர்த்து ஆளுக்கொரு கவுண்டர் கிடைத்தது. யாரும் உட்கார்ந்திருப்பதைப் பற்றிப் பேசவில்லை.

ஷண்முகப்ரியா மட்டும் இன்னும் குனிந்திருந்தாள். பட்டுப் பிரிவில் ஆறு வருடமாக இருப்பவள், உயரமானவள். எதையோ கணக்குப் போடுகிறவள்போல வாடிக்கையாளர்களையும் கவுண்டர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, இது எத்தன மணிக்கு?”

முத்துலட்சுமிக்குக் கேள்வி புரிய ஒரு கணம் ஆயிற்று. கடையில் எந்த நேரத்தில் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கிறாள்.

“சாப்பாட்டு நேரம்” என்றார் சுயம்புலிங்கம்.

“சாப்பாடு மேல ஷெட்லல்லா அண்ணாச்சி” என்றாள் ஷண்முகப்ரியா. எதிர்த்துப் பேசும் குரல் இல்லை அது. புடவையின் விலையைச் சரியாகச் சொல்லும் குரல். “இங்க ஆளு வேற நிக்கே. புடவை பிரிச்சுப் போட்டிருக்கு. வியாபாரம் நடக்கு.”

சுயம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். ஷண்முகப்ரியா இன்னும் ஒரு முறை குனிந்து, தனக்கு ஒதுக்கப்பட்ட பொம்மையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் முத்துலட்சுமியால் எதையும் படிக்க முடியவில்லை. கால்களாக இருந்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும்.

டீ வந்தது. முத்துலட்சுமி மேஜைக்குப் பின்னால் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். காகிதக் கோப்பைகளோடு பெண்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். அங்கே பார்வையாளர்களுக்காகச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒரு வரிசை போட்டிருந்தது. முழுவதும் காலி. ஸ்ரீஹரி போய், உக்காருங்கோ, உக்காருங்கோ என்று உபசாரம் செய்தான். இருக்கட்டும் சார் என்றார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. சுயம்புலிங்கமும் திரும்பிப் பார்த்தார்.

“உக்காந்து குடிங்க பிள்ளைகளா” என்றார்.

“நீங்க உக்காருங்க அண்ணாச்சி” என்று ஒருத்தி சொன்னாள்.

அவர் உட்காரவில்லை. கையில் டீயோடு ஹாலின் நடுவில் நின்றார். இருபத்திரண்டு பேரும் நாற்காலி வரிசைக்கு முன்னால், ஆளுக்கு ஒரு நாற்காலியைப் பின்னால் வைத்துக்கொண்டு, நின்றபடியே ஊதிக் குடித்தார்கள். ஹாலில் உட்கார்ந்திருப்பது தான் மட்டும்தான் என்பது முத்துலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜையைப் பிடித்து எழுந்தாள். எழுந்த பிறகு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. முழங்கால் வலித்தது.

வரிசையின் ஓரத்தில் ஷண்முகப்ரியா அரை அடி பின்னால் நகர்ந்தாள். அவளுடைய முழங்காலின் பின்பக்கம் நாற்காலியின் விளிம்பில் பட்டது. அப்படியே நின்றாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளும் நகர்ந்தாள். சுயம்புலிங்கத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. வேன் டிரைவர். சரியாகக் கேட்காததால் அவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துத் திரும்பினார்.