தலைகீழாகும் திரை

எழிலனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கம்ப்யூட்டர் டிரைவர் அப்டேட்டில் நம்பிக்கை உண்டு. எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும், வரிசையாகத் தேடினால் அது அகப்பட்டே தீரும் என்பதுதான் அவனுடைய மதம். கடலூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் விரிவுரையாளராக இருந்தான். இருந்தான் என்பதுதான் சரி. அந்தப் பிரிவில் ஆள் சேராமல் போகவே, நிர்வாகம் அதை இழுத்து மூடிவிட்டது.

இப்போது அவன் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை. வரச்சொல்லி மெயில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். இன்னொன்று, சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே மாணவர்களுக்கு எதிரில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். சிதம்பரம் என்றால் தினமும் பஸ்ஸில் போய் வரலாம். ஓசூர் என்றால் அவன் அங்கே, சிந்துஜா இங்கே. சிந்துஜா திருப்பாதிரிப்புலியூரில் பள்ளி ஆசிரியை, நிலையான வேலை. அதை விட்டுவிட்டு வா என்று அவன் கேட்கமாட்டான்.

"ஓசூர்னா மாசத்துக்கு ஒருவாட்டியாவது வருவீங்களா மாமா?" என்று அவள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் ரசம் எடுக்க உள்ளே போய்விட்டாள். பிறகு ஓசூர் என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

சிதம்பரத்தில் பாடம் நடத்த அவன் நம்பியிருந்தது தன் லேப்டாப்பைத்தான். திரையைத் தனியாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பெல்லாம் நடக்கலாம். பேனாவால் அதில் எழுதினால் புரொஜெக்டரில் தெரியும். வேலை முடிந்ததும் கீபோர்டின் பள்ளத்தில் செருகினால் காந்தம் டக்கென்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இப்படியெல்லாம் பாடம் நடத்துவேன் என்று விண்ணப்பத்திலேயே பெருமையாக எழுதிவிட்டிருந்தான். அந்த நேரம் பார்த்து லேப்டாப் கிறுக்குத்தனம் செய்ய ஆரம்பித்தது.

ஆயுத பூசை விடுமுறை முடிந்த கையோடு அது தொடங்கியது. ஒழுங்காக டைப் அடித்துக்கொண்டிருப்பான். திடீரென்று திரை தலைகீழாகப் புரளும். ஐகான்கள் ஊதிப் பெருத்துவிடும். கீபோர்டில் எதைத் தட்டினாலும் அசையாது. முறைத்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது மாதிரி பழையபடி நேராகிவிடும்.

எழிலன் வரிசையாகத் தேடினான். திரை தானாகச் சுழல்வதை நிறுத்திப் பார்த்தான்; கழற்றியதும் அந்தக் கட்டளையை அது மதிக்கவில்லை. டிஸ்ப்ளே டிரைவரைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போட்டான். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்றினான். திரையின் அடிவிளிம்பில், கீபோர்டைத் தொடும் தங்கநிறப் புள்ளிகளை அழிரப்பர் வைத்துத் தேய்த்தான். பளபளவென்று ஆயிற்று. லேப்டாப் மறுபடி தலைகீழாக நின்றது.

"நீ இதும்மேல தண்ணி கிண்ணி ஊத்துனியா?" என்று சிந்துஜாவைக் கேட்டான்.

"தண்ணியா? இல்லியே" என்றாள் அவள். அது சத்தியமான பதில்.

கடைசியில் மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருந்த ஆரோக்கிய ஜெகனிடம் எடுத்துக்கொண்டு போனான். ஜெகன் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன். கடைச்சுவரில் வேளாங்கண்ணி மாதா, பக்கத்தில் கேரண்டி கிடையாது என்ற அறிவிப்பு.

ஜெகன் திரையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான். "மச்சான், உள்ள சாயிறத கண்டுபுடிக்கிற சென்சார் போயிருக்கும்னு தோணுது. ஆனா இந்த மாடல பிரிக்கணும்னா கண்ணாடிய சூடு காட்டித்தான் எடுக்கணும். உடைஞ்சா உடைஞ்சதுதான்."

"எனக்கும் அந்த சென்சார்தான் சந்தேகம்."

"ரெண்டு பேருக்கும் ஒரே சந்தேகம்னா தப்பா இருக்க சான்ஸ் ஜாஸ்தி" என்று ஜெகன் சிரித்தான். "உன் டெமோ முடியட்டும், அப்பறம் பிரிப்போம். அதுவரைக்கும் வேற லேப்டாப் ஒண்ணு தரேன், எடுத்துகினு போ."

அதில் பேனாவால் எழுத முடியாது. எழிலன் வேண்டாம் என்றுவிட்டான். வீம்பு என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான், திட்டம் என்பான்.

இங்கே அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எழிலனும் சிந்துஜாவும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஐயர் இல்லை, தாலி இல்லை. மாலை மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டதோடு சரி. சிந்துஜாவின் பிறந்த வீடு புவனகிரி. அங்கே மாவு அரைக்கிற கிரைண்டருக்குக்கூட ஆயுத பூசை அன்று பொட்டு உண்டு. கல்யாணமான வருடம் அவள் அந்தப் பழக்கத்தில் எழிலனின் பைக் முகப்பில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள். எழிலன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவன் அவளை உட்காரவைத்து விளக்கினான். இரும்புக்கு உயிர் இல்லை என்பதில் ஆரம்பித்தான். நீ படித்தவள், நாலு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள் என்றான். காபி ஆறிப்போகும் வரை விளக்கினான். சிந்துஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஈரத் துணியை எடுத்துப் போய்ப் பைக்கைத் துடைத்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் எதன்மேலும் பொட்டு கண்ணில் பட்டதில்லை. எடுத்துச் சொன்னால் யாருக்கும் புரியும் என்று எழிலன் நண்பர்களிடம் இதை உதாரணமாகச் சொல்வான். "எங்க வீட்டுல அதெல்லாம் கெடையாது" என்பது அவனுக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம்.

டெமோ நாளன்று காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. சிந்துஜா பள்ளிக்குக் கிளம்பி நின்றவள், அவனுடைய பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள், சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ஏதோ சொல்ல வந்து, "பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காராதீங்க, நனைஞ்சிடும்" என்று மட்டும் சொன்னாள்.

எழிலன் ஜன்னலோரம்தான் உட்கார்ந்தான். சிப்காட் தொழிற்பேட்டை தாண்டியதும் லேப்டாப்பை மடியில் திறந்தான். திரை நேராக நின்றது. பரவாயில்லை என்று நினைத்தான். ஆலப்பாக்கம் பக்கத்தில் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, திரை கவிழ்ந்தது. அடுத்த பள்ளத்தில் நிமிர்ந்தது. மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, சிதம்பரம் வரும்வரை தார்ப்பாய் போட்ட உப்புக் குவியல்களையே பார்த்துக்கொண்டு போனான்.

வகுப்பில் மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். முன்வரிசையில் முதல்வர் ஞானசேகரன்; நெற்றி நிறைய திருநீறு. பக்கத்தில் துறைத்தலைவர் பாத்திமா மேரி. கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் மதிப்பெண் தாள். எழிலன் நடத்த எடுத்திருந்த பாடம் 'கருவிகளில் பழுது கண்டறிதல்'. தலைப்பை அவனே தேர்ந்தெடுத்திருந்தான். அதை நினைத்து இப்போது அவனுக்கே தன்மேல் எரிச்சலாக இருந்தது.

முதல் ஸ்லைடு நன்றாகவே போனது. இரண்டாவதுக்குப் போகக் கீபோர்டைத் தட்டினான். சுவர் அகலத்துக்குப் பாடம் தலைகீழாகப் புரண்டது. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. நிமிர்ந்தது, மறுபடி கவிழ்ந்தது. ஞானசேகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேற சிஸ்டம் தரச் சொல்லட்டுமா சார்?" என்று பாத்திமா மேரி கேட்டார்.

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஓசூர் மெயில் நினைவுக்கு வந்தது. ரசம் எடுக்க உள்ளே போன சிந்துஜாவின் முதுகு நினைவுக்கு வந்தது. இரவல் சிஸ்டத்தில் வாசித்துக்காட்டிவிட்டுப் போனால் அவனும் வந்துபோன பத்துப் பேரில் ஒருத்தன்தான்.

"வேணாம் மேடம்" என்றான். "நான் நடத்த வந்த பாடமே இதுதான். இதையே நடத்துறேன்."

மாணவர்கள் பக்கம் திரும்பினான். "திரை கவுந்துடுது. எங்க கோளாறு?"

"ஸ்கிரீன்ல சார்" என்றார்கள் கூட்டமாக.

"நானும் அப்படித்தான் நெனச்சிகினு இவ்ளோ நாளும் ஸ்கிரீனையே நோண்டிட்டு இருந்தேன். டிரைவர் மாத்தினேன், சரியாகல. முழுசா அழிச்சி ஏத்தினேன், ஆகல. அப்ப சாஃப்ட்வேர் இல்ல. பஸ்ஸு குலுங்கும்போது கவுந்துது, மறுபடி குலுங்கும்போது நிமிந்துது. குலுங்கினா மாறுறது எது?"

வாய்விட்டுக் கேட்டபோதுதான் அவனுக்கே உறைத்தது. திரையைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்தான். அசைத்தான், ஆட்டினான். அவன் பிடித்தபடி ஒழுங்காகத் திரும்பி ஒழுங்காக நின்றது. ஒரு குறையும் இல்லை. சென்சார் நன்றாக இருக்கிறது. கீபோர்டில் செருகினால்தான் வம்பு.

"கீபோர்டு ஒட்டியிருக்கா இல்லியான்னு இதுக்குக் கொழப்பம். கையில எடுத்துட்டோம்னு ஒரு கணக்கு, கீபோர்டுல நிக்குதுன்னு ஒரு கணக்கு, ரெண்டும் கலந்து தலைகீழா திரும்பிக்குது. ஸ்கிரீன் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. அதுக்குத் தப்பான சேதி போகுது, அவ்ளோதான்."

செல்போன் டார்ச்சைப் போட்டுக் கீபோர்டின் பள்ளத்துக்குள் அடித்தான். திரைப்பக்கத்துப் புள்ளிகளை அத்தனை முறை தேய்த்தவன், இந்தப் பக்கம் ஒருதரம்கூடக் குனிந்து பார்த்ததில்லை. வரிசையாக இருந்த சின்னச் சின்ன ஊசிகளில் கடைசி ஒன்று பாதி அமுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி வெளிர்மஞ்சளாக ஏதோ காய்ந்து, மழை ஈரத்தில் லேசாக இளகியிருந்தது. நடுவில் ஒரு பொட்டுச் சிவப்பு.

பாத்திமா மேரி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "சந்தனம் சார் இது."

"குங்குமமும் இருக்கு" என்றார் பின்னாலேயே வந்த ஞானசேகரன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆயுத பூசைக்கு வச்சீங்களா?"

எங்க வீட்டுல அதெல்லாம் கெடையாது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்து யார் வைத்தது என்று சொல்லவேண்டியிருக்கும். முன்பின் தெரியாத இத்தனை பேர் நடுவில் சிந்துஜாவைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருக்கும்.

"ஆமாங்க சார்" என்றான் எழிலன். "நாங்கதான் வச்சோம்."

மேசைமேலிருந்த சானிடைசரைக் காகிதக் கைக்குட்டையில் நனைத்து, பேனா முனையில் சுற்றி, அந்த ஊசியைப் பொறுமையாகத் துடைத்தான். ஊசி மெல்ல மேலே எழும்பி வந்தது. காயவிட்டுத் திரையைச் செருகினான். டக்கென்று ஒட்டிக்கொண்டது. கீபோர்டை உலுக்கினான், தட்டினான். சுவரில் பாடம் ஆடாமல் நேராக நின்றது. மாணவர்கள் கை தட்டினார்கள். அதற்குமேல் அவன் நடத்தியது சுமாரான பாடம்தான். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"ஒண்ணாம் தேதி வந்து சேந்துடுங்க" என்றார் ஞானசேகரன்.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் கடலூர் வண்டிக்காக நின்றபோது, வேலை கிடைத்துவிட்டது என்று சிந்துஜாவுக்குச் சொல்லப் போனை எடுத்தான். நம்பரை அழுத்தவில்லை. போனைத் திருப்பி அதன் உறையைக் கழற்றினான். உறையின் உட்புறத்தில், மூலையில், எறும்பளவுக்கு ஒரு குங்குமப் புள்ளி. பையைக் கவிழ்த்துப் பார்த்தான். அடித்தையலுக்குள் மஞ்சளாக ஒரு கறை. வீட்டுக்கு வந்ததும் மாடிப்படி ஏறவில்லை. பைக்கின் சீட்டைக் கழற்றினான். உள்ளே பேட்டரிக்குப் பக்கத்தில் சந்தனம். ஒன்றன்மேல் ஒன்றாக, பழையதன் மேல் புதியது, வருடா வருடம் வைத்துத் தடித்துப் போயிருந்தது.

எழிலன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. வெட்கமாக இருந்தது. தன் வீட்டில் யாருக்கும் எதற்கும் பயமில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான். அந்த வீட்டில்தான் ஒருத்தி, அவன் நல்லா இருக்கவேண்டும் என்பதைக்கூட அவனுக்குத் தெரியாமல், திருட்டுத்தனமாக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சாயங்காலம் சிந்துஜா செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்னாச்சி மாமா? போனும் எடுக்கல" என்றாள்.

"கெடச்சிடுச்சி. ஒண்ணாம் தேதி சேரச் சொல்லிட்டாங்க."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. அவன் சட்டைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தான். மஞ்சளும் சிவப்புமாக அந்தக் கறையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"லேப்டாப் கவுந்ததெல்லாம் இதாலயா? ஐயோ, அந்தப் பள்ளத்துல கரண்ட் போவும்னு எனக்குத் தெரியாது மாமா. சும்மா ஓரம்தானேன்னு நெனச்சேன். ஓசூர் வேணாம்னு வேண்டிகினு வச்சேன். அதுவே உங்கள ஓசூருக்கு அனுப்பியிருக்கும். இனிமே சத்தியமா எதுலயும் வெக்க மாட்டேன்."

"பைக் சீட்டுக்கு அடியில பாத்தேன்" என்றான் எழிலன்.

அவள் தலை குனிந்தது.

"அங்க பேட்டரி இருக்கு. அங்கயும் வெக்கக் கூடாது. வெளிய வை. முன்னாடி, முகப்புல, எல்லாருக்கும் தெரியிற மாதிரி வை. லேப்டாப்புக்கு முதுகுல வை."

சிந்துஜா நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க கோவப்பட மாட்டீங்களா?"

அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு இஷ்டமில்லை.

"படுவேன்" என்றான். "நீ வை."