கூண்டில் ஒரு நாற்காலி

...தம்பி வந்திருக்கிறான், முன்வரிசையில், கழுத்தை நெரிக்கிற மாதிரி மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, அவன் மனைவி பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி, யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்பதுபோல, என் மனைவி இரண்டாம் வரிசை ஓரத்தில், முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம் அதற்குள் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்துவிட்ட முகத்தோடு, தங்கைக்கு முழங்கால் வலி, வரவில்லை, வராதவளையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட்டேன் என்பாள், ஆனால் அவள் வீட்டுக்காரர் வந்திருக்கிறார், பின்சுவரோரம், போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் குடும்பத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர், வைத்தவள் என் தங்கையேதான், அப்புறம் நான். நான் உட்கார்ந்திருப்பது குற்றவாளிக் கூண்டில்.

இதை உடனே விளக்கிவிட வேண்டும், தாமதித்தால் விளக்கம் வேறு யார் வாயிலிருந்தாவது வந்துவிடும். பல்கலைக்கழகத்தில் இந்தக் குற்றவியல் துறைக்கென்று தனி விழா மண்டபம் இல்லை, பிள்ளைகள் வழக்காடிப் பழகுவதற்கென்று ஒரு மாதிரி நீதிமன்றம்தான் இருக்கிறது, நீதிபதி மேடை, வக்கீல்கள் மேசை, சாட்சிக் கூண்டு, இந்தக் கூண்டு, எல்லாம் அசல்போலவே, படித்து முடித்துப் போகிறவர்களுக்கும் பரிசு வாங்குகிறவர்களுக்கும் விழா இங்கேதான், இன்றைக்கு என் தம்பி மகளுக்கு. நாங்கள் வந்து சேரும்போது மண்டபம் நிறைந்துவிட்டது. ஏன் தாமதம் என்றால், யாரையாவது வழி கேட்கலாம் என்று தம்பி சொன்னான், நான் வேண்டாமென்றேன், ஆயுசு முழுக்க ஊருக்கே வழி சொன்னவன் நான், போலீஸ்காரன் போய் இன்னொருத்தரிடம் வழி கேட்பதா, அதனால் முதலில் வேதியியல் கட்டிடத்துக்குள் போனோம், அப்புறம் ஒரு விடுதிச் சமையலறைக்குள் போனோம், அங்கே என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கத் தேவையில்லை. பெற்றவர்களுக்கு முன்வரிசையில் இடம் வைத்திருந்தார்கள். என்னை மட்டும் துறை அலுவலகத்து அம்மாள் ஒருவர் கையைக் காட்டி அழைத்தார். “ஐயா, கூண்டுக்குள்ள ஒரு நாற்காலி போட்டிருக்கோம், மேடை நல்லாத் தெரியும், எல்லா வருஷமும் யாராவது ஒருத்தர் அங்கதான் உக்காருவாங்க.” நின்றுகொள்கிறேன் என்றேன். நின்றால் கேமராவை மறைக்குமாம். அப்படியானால் சாட்சிக் கூண்டு காலியாகத்தானே இருக்கிறது என்றேன். “அதுல பூங்கொத்து வச்சிருக்கோம் ஐயா.” பூங்கொத்துகள் சாட்சி, நான் குற்றவாளி, சரி, விழா நாளில் வாசலில் நின்று வழக்காடுகிறவன் என்று பெயர் வேண்டாம், முதுகை நேராக வைத்துக்கொண்டு உள்ளே போனேன், பாலிஷ் போட்ட ஷூ பலகையில் டக்கென்று ஒலித்தது, சின்னக் கதவு காற்றில் கிறீச்சிட்டு ஆடியதால் அந்த அம்மாள் அதைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுப் போனார். தாழ்ப்பாள் வெளியில் இருக்கிறது. இருக்கத்தானே செய்யும், உள்ளே எதற்கு வைப்பார்கள், கோர்ட் டியூட்டியில் இருந்தவன் நான், என் கையாலேயே எத்தனை முறை போட்டிருப்பேன், ஆட்களைக் கூட்டிவந்து உள்ளே விட்டு, போட்டுவிட்டு, இடப்பக்கம் விறைப்பாக நிற்பேன்... ஆனால் அது வெளியில் இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டதுபோல ஒரு... சரி, அது கிடக்கட்டும்.

ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது வெளியே கேட்குமோ என்று இருக்கிறது, இந்த வயதில் இது என்ன, என் கல்யாணத்தன்றுகூட இப்படி அடிக்கவில்லை, இதை மனைவியிடம் சொல்லக்கூடாது. துறைத்தலைவி நீதிபதி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், நரைத்த குட்டை முடி, கண்ணில் குறும்பு, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி அமைதி என்கிறார், பிள்ளைகள் வேண்டுமென்றே எழுந்து வணக்கம் யுவர் ஆனர் என்கிறார்கள், சிரிப்பு. இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டாம், பரிசு பெறுகிற ஒவ்வொருவரும் அந்த மேடைக்கு முன்னால் நின்று அடுத்து எந்த வேலைக்குப் போகப்போகிறோம் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் கேடயம் கைக்கு வரும், வாக்குமூலம் மாதிரி. முதலில் ஒரு நெட்டைப் பையன், தடயவியல் கூடம் என்றான், கைதட்டல். அடுத்து கண்ணாடி போட்ட ஒரு பெண், சாலை விபத்துப் புலனாய்வு என்றாள், அவள் அப்பா எழுந்து, இனிமேலாவது அவள் வண்டியை மெதுவாக ஓட்டட்டும் என்று கத்தினார், மண்டபமே குலுங்கியது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் ஒரு தகப்பன் பொது இடத்தில் இப்படியா. இன்னும் மூன்றோ நாலோ பேர், அப்புறம் எங்கள் வீட்டுப் பெண். என்ன சொல்லப்போகிறாள்? என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதை ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. அப்பா போலீஸ், நான் போலீஸ், தம்பி சிறைவாசல் காவல், மூன்று பேரும் மற்றவர்களுக்கு சல்யூட் அடித்தே தேய்ந்தவர்கள், இவள் அதிகாரித் தேர்வு எழுதி நேரே மேலே போவாள், எங்கள் வீட்டில் முதல்முறையாக ஒருத்தருக்கு மற்றவர்கள் அடிப்பார்கள். முடிதிருத்துகிறவரிடம் சொல்லிவிட்டேன், வங்கி மேலாளரிடம் சொல்லிவிட்டேன், ரேடியோவிடம் ஒருமுறை சொன்னால் போதும், ஊருக்கே சொன்னதாகக் கணக்கு. சற்றுமுன் வாசலில்கூட அவர், “என்ன மச்சான், பொண்ணுக்கு எந்த ஊர்ல போஸ்டிங், நாங்கல்லாம் வந்தா உள்ள விடுவாங்களா” என்றார். “நீங்க உள்ள வர்ற மாதிரி நடந்துக்காதீங்க மாப்பிள்ளை” என்றேன். சொன்ன பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் அவள் போன் செய்து, “மேடையில சொல்றேன் பெரியப்பா, அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லிடாதீங்க” என்றாளே, ஏன் அப்படிச் சொன்னாள், நல்ல சேதியை யாராவது மேடைவரைக்கும் தூக்கிச் சுமப்பார்களா... சுமப்பார்கள், ஏன் மாட்டார்கள், விழா என்றால் ஒரு ருசி வேண்டாமா. என் வார்த்தை இன்றைக்கு நிற்க வேண்டும். இந்த வீட்டில் என் வார்த்தை என்றைக்கும் நின்றிருக்கிறது.

கூப்பிட்டுவிட்டார்கள். களப்பணிக்கான முதல் பரிசு, மொத்தத் தேர்விலும் முதலிடம், இரண்டும் ஒருத்திக்கே. கைதட்டலில் கூண்டுக் கம்பிகள்கூட அதிர்ந்ததுபோல இருந்தது, என் உள்ளங்கை எரிகிறது, இன்னும் தட்டுகிறேன், அவள் நடந்து வருகிறாள், கறுப்பு அங்கி கணுக்காலில் தட்ட, யாரையும் பார்க்காமல், நேராக, அந்த நடை எங்கள் வீட்டு நடை, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். துறைத்தலைவி குனிந்து, அடுத்து எங்கே என்று கேட்டார். மண்டபம் அடங்கியது. ரேடியோ போனை இன்னும் உயர்த்தினார். அவள் ஒரு தடவை முன்வரிசையைப் பார்த்தாள், பிறகு தேடினாள், தேடி, கூண்டில் என்னைக் கண்டுபிடித்தாள், புருவம் உயர்ந்தது, சிரிப்பை அடக்கினாள், அப்புறம் சொன்னாள். “ஜெயில் கதவுக்கு வெளியில நிக்கற வேலை. தண்டனை முடிஞ்சு வர்றவங்களுக்குத் தங்க இடமும் வேலையும் பார்த்துக் குடுக்கற அமைப்புல சேர்ந்துட்டேன். சின்ன வயசுல அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுட்டுப் போவேன். விடுதலை ஆனவங்க கதவைத் தாண்டி வந்து, இந்தப் பக்கம் போறதா அந்தப் பக்கம் போறதான்னு தெரியாம அங்கயே நிப்பாங்க. உள்ள எங்கப்பா இருந்தாரு. வெளியில ஒருத்தரும் இல்ல.” அவ்வளவுதான். கேடயத்துக்குக் கையை நீட்டிவிட்டாள்.

என் காது மடல் கொதித்தது. அதிகாரித் தேர்வு இல்லை. சல்யூட் இல்லை. முடிதிருத்துகிறவரிடம் என்ன சொல்வது, வங்கி மேலாளரிடம் என்ன சொல்வது, திருடன் வெளியே வந்தால் அவனுக்கு வீடு தேடித் தருகிற உத்தியோகம் என்று எந்த வாயால் சொல்வது, நான் கூட்டிவந்து உள்ளே அனுப்பியவர்களை இவள் வெளியே நின்று வரவேற்பாளா... ரேடியோவைப் பார்த்தேன், அவர் போன் மேடையைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து இருந்தது. தம்பியைப் பார்த்தேன். அவன் கழுத்தின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் அந்தக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டவன், திறந்தபின் அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று அவன் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை, இரண்டு பேருக்கும் அது வேலை நேரத்துக்கு வெளியே. இப்போது அவன் முதுகு, சட்டைக்குள் அந்த முதுகு, நிமிர்ந்தது. என்னைவிட நிமிர்ந்து. கைதட்டல் இன்னும் ஓயவில்லை, முதல் கைதட்டலைவிடப் பெரியது, பிள்ளைகள் மேசையைத் தட்டுகிறார்கள், என்னவோ ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது, கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன், அப்புறம் பார்த்தால் எழுந்து நிற்கிறேன், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம், இரண்டு கையும் தட்டிக்கொண்டிருக்கின்றன, யாரைக் கேட்டுத் தட்டுகின்றன?

சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பிவிட்டார்கள். துறைத்தலைவி கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார். “கூண்டில் இருப்பவர் எழுந்து நிற்கிறார். ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” சிரிப்பு, இந்தமுறை சுவரெல்லாம் சிரித்தது. எங்கள் பெண் மைக்குக்குக் குனிந்து, “எங்க பெரியப்பா மேடம், கோர்ட்லயே வேலை பார்த்தவரு” என்றாள். எல்லார் முகமும் என் பக்கம். கை தானாகவே கம்பியைப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். “ஒண்ணும் இல்லீங்கம்மா” என்றேன்.

அதே சொற்கள். அந்தக் கேள்வியை எத்தனை நீதிபதிகள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன், அந்தப் பதிலையும் எத்தனை வாயிலிருந்து, ஒண்ணும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்கய்யா, பேசிவைத்துக்கொண்ட மாதிரி எல்லாரும் ஒன்றையே சொல்லுகிறார்களே, வேறு வார்த்தையே தெரியாதா இவர்களுக்கு என்று பக்கத்தில் நின்று நினைத்திருக்கிறேன், சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் என்றுதான் எண்ணியிருந்தேன்... இங்கிருந்து பார்த்தால் மேடை உயரமாகத் தெரிகிறது. வெளியே நின்று பார்த்தபோது அத்தனை உயரம் இல்லை. கம்பி கைவைத்த இடத்தில் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது, இந்த மாதிரிக் கூண்டிலேயே இப்படியென்றால் அசலில்...

தேநீர்க் கூடத்தில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக, தொப்பியை மேலே வீசி விளக்கில் மாட்டவிட்டு, அதை எடுக்க ஒருத்தன் மேல் ஒருத்தன் ஏறி, யாருடைய பூங்கொத்தோ என் கையில், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், என் மனைவி அந்த முன்பின் தெரியாத அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு இன்னும் நெஞ்சு அடங்கவில்லை. எங்கள் பெண் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். “கோவமா பெரியப்பா?” “கோவமா இருந்தா எழுந்து போயிருக்க மாட்டேனா” என்றேன். “எங்க போவீங்க, தாழ்ப்பாள் போட்டிருந்தாங்களே” என்று சிரித்தாள், தம்பியும் சிரித்தான், மேல் பொத்தான் இல்லாமல் அவன் சிரித்து நான் பார்த்தே வெகுநாள். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, “மேடம் கேட்டப்ப நெஜமாவே ஒண்ணும் இல்லையா பெரியப்பா?” என்றாள். தேநீர் ஆறுகிறது, குடி என்றேன்.

அதற்குள் தங்கை போனில் வந்துவிட்டாள். படம் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போய்விட்டதாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, நான். ரேடியோ மூன்று சேதி பரப்பியிருக்கிறார். பெண் போலீஸுக்குப் போகாததால் என்னைக் கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள் என்று ஒன்று: இல்லை, இடம் இல்லாததால் ஏறினேன். அங்கேயே அழுதுவிட்டேன் என்று ஒன்று: அழவில்லை, கைதட்டினேன். நீதிபதியம்மா கேட்டபோது பெரியவருக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை என்று ஒன்று. அது தவறு. இருந்தது.