வலது காலுக்கான வண்டி

“உள்ள துளி மண்ணு போனாலும் அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே, வண்டியின் திறந்து கிடந்த இரும்பு வாயைச் சுற்றி அவன் துணியைக் கட்டினான். வீட்டுக் கொட்டகையில் அந்தச் சின்ன டிராக்டர் இரண்டாகக் கிடந்தது. எஞ்சினும் முன்சக்கரங்களும் ஒரு பக்கம் மரக்கட்டைகள் மேல். பின்சக்கரங்கள் இன்னொரு பக்கம். நடுவில் இருந்த, கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷனைக் கணவனும் மனைவியுமாகச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கியிருந்தார்கள். அவளுக்கு முழங்கை வரை எண்ணெய். துடைக்கக்கூட விடாமல், “டார்ச்ச இன்னும் கொஞ்சம் கீழ புடி. ம், அங்கதான்” என்றான்.

ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து அவனுடைய இடது முழங்கால் மடங்குவதில்லை. கியர் வண்டி என்றால் கிளட்ச் மிதிக்க அந்தக் கால் வேண்டும். இதில் அந்தத் தொல்லை கிடையாது. வலது காலுக்கு ஒரே பெடல். முன்பாதத்தால் அமுக்கினால் முன்னே போகும், குதிகாலால் அமுக்கினால் பின்னே வரும். மற்றதையெல்லாம் உள்ளே அழுத்தத்தில் ஓடும் எண்ணெய் பார்த்துக்கொள்ளும். பழத்தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே புல் வெட்டிக்கொண்டு போகும்போது, பார்க்கிறவர்களுக்கு அவன் நொண்டி என்றே தெரியாது. அந்த வண்டிதான் இப்போது எண்ணெய் சூடானதும் முனகிக்கொண்டு மேட்டில் ஏறாமல் நின்றது. மெக்கானிக் வந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, “இத மாத்தற நேரத்துக்கு வேற வண்டி பாத்துக்கலாம்” என்றார். அவர் தலை மறைந்ததும் இவன், “சோம்பேறி” என்றான். நொறுங்கிப்போன ஒரு வண்டியிலிருந்து நல்ல டிரான்ஸ்மிஷன் ஒன்றை எப்படியோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான்.

பழையதை இறக்கிய மறுநாள் அவன் அண்ணன் வந்தார். தோட்டம் அப்பா காலத்திலிருந்தே அவர் பேரில், பாடுபடுவது தம்பி. கொட்டகை வாசலில் நின்று, “என்னடா, கூறு போட்டு வச்சிருக்க?” என்று சிரித்தார். தம்பியும் சிரித்தான். கிளம்பும்போது அவளை மட்டும் கேட்டருகே கூப்பிட்டார்.

“தோட்டத்த நாத்துப்பண்ணைக்காரருக்கு குத்தகைக்கு விட்டுட்டேன்மா. புல்லு இடுப்பு உயரம் நிக்குது. இவன் இத மாட்டி, என்னிக்கு ஓட்டறது?”

“நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க மாமா.”

“நான் சொன்னா சண்டையில முடியும். நீ பக்குவமா சொல்லு.”

சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்றிருந்தாள். சாப்பிடும்போது அவன் தட்டின் ஓரத்தில் விரலால் வால்வு வரைந்து காட்டினான். விழுந்த பிறகு அவன் அவளிடம் அத்தனை பேசியதே இல்லை. ஒரே போல்ட்டுக்குக் குனிந்து தலையோடு தலை முட்டிக்கொண்டபோது இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினாள். இன்னொன்றும் இருந்தது. அதை அவள் தனக்குத்தானே கூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை. மாட்டி முடித்தும் வண்டி ஓடாமல் போய்விட்டால் நல்லது. தோட்டம் கைவிட்டுப் போனது அவனுக்கே நியாயமாகப் படும்.

வண்டி ஓடியது. பின்சக்கரங்களை அந்தரத்தில் நிறுத்தி, புது எண்ணெய் ஊற்றி, உள்ளே மாட்டிய காற்று வெளியேறட்டும் என்று பெடலை முன்னும் பின்னுமாக அமுக்கிக்கொண்டிருந்தான். முதலில் ஊளையிட்டது. பிறகு சத்தம் அடங்கி, சக்கரங்கள் தடையில்லாமல் சுழன்றன.

“பாத்தியா! பாத்தியாடி!”

அவள் கண் கலங்கியது. அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான். ஜாக்கியை இறக்கிய கையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

“இன்னிக்கு வேணாங்க. எங்கயாவது கசியுதான்னு பாத்துட்டு...”

“தோட்டத்து மேட்டுல ஏறுதான்னு பாக்க வேணாமா?”

அவள் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

தோட்டத்து வாசலில் புதுச் சங்கிலி தொங்கியது. உள்ளே பெரிய வண்டி ஒன்று பாதிப் புல்லை வெட்டி முடித்திருந்தது. நாற்றுப்பண்ணைக்காரர் இறங்கி வந்து, சிரித்த முகமாக இவன் வண்டியின் மேல் கை வைத்தார். “அட, நீங்களே மாட்டினீங்களா? உங்க அண்ணன் இது தேறாதுன்னாரே. வீட்டுல சொல்லியிருப்பாங்க, குத்தகைய அப்பவே பேசி முடிச்சாச்சு. நீங்க சும்மா இருக்க வேணாம். எனக்கும் புல்லு வெட்ட ஆள் வேணும், வாங்க.”

அவர் உள்ளே போகும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“வண்டி ரெண்டா கெடந்தப்பவே.”

“அப்ப எதுக்கு டார்ச் புடிச்ச?”

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“நீங்க புடிக்கச் சொன்னீங்க” என்றாள்.

குதிகாலால் பெடலை அமுக்கினான். வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் பின்னால் வந்து, வளைந்து, வீட்டுப் பாதையில் போயிற்று.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது அவன் முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். அங்கே வெட்டப் புல் ஏது? சரளைக் கல்லும் ஓரத்தில் நாலு கோரையும்தான். வண்டிக்கு அடியில் இருந்த புல்வெட்டும் பிளேடைத் தரையோடு இறக்கிவிட்டிருந்தான். சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொரு தடவையும் வண்டி வாசலை நெருங்கும்போது கற்கள் தெறித்துக் கேட்டில் பட்டன. அவள் தெருவுக்குப் பின்வாங்கினாள். அவன் கொட்டகைப் பக்கம் திரும்பியதும் மறுபடி வந்து, திறக்காமல், கேட்டின் மேல் கையை வைத்தாள்.