மாடத்தில் பூனைப்புதினா

பிரசாந்த் லண்டனில் ஒரு செடி நர்சரியில் வேலை பார்க்கிறான். போன லீவுக்கு வந்தவன் பூனைப்புதினா விதை கொண்டுவந்து, கந்தர்வக்கோட்டை வீட்டு வாசலில் ஒரு தொட்டியில் முளைக்கப் போட்டுவிட்டுப் போனான். அதோடு போயிருந்தால் அவன் மனைவி கலைமதிக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவன் அம்மா அமிர்தவல்லி அந்தச் செடியைத் தடவிப் பார்த்தாள். சதுரத் தண்டு, கதிர் கதிராய்ப் பூ, கைநிறைய வாசம். குளிர்நாட்டுத் துளசி என்று முடிவுகட்டி, வெறுமனே கிடந்த துளசி மாடத்தில் நட்டு விளக்கும் ஏற்றிவிட்டாள். செடி பச்சையாக இருக்கும்வரை மகனுக்கு ஒரு குறையும் வராதாம். இது துளசி இல்லை என்று கலைமதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மாமியார் காதில் ஏறவில்லை.

பூனைகளுக்குத் தெரிந்திருந்தது. தெருப்பூனையெல்லாம் அந்த வாசத்துக்குக் கிறங்கி மாடத்தில் ஏறிப் புரண்டன. மாமியார் விடிந்தால் முந்திரிக்கொல்லைக்குப் போய்விடுவாள். பூனை விரட்டும் உத்தியோகம் மருமகளுக்கு. அம்மா வீட்டுக்கு ஒருநாள் போக முடியவில்லை; கல்யாண வீட்டில் நிம்மதியாகப் பந்தியில் உட்கார முடியவில்லை. பி.எட். முடித்தவள் கையில் கம்போடு செடிக்குக் காவல். புருஷனிடம் போனில் அழுதால், அம்மா மனசு, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிரித்தான். அவனுக்கென்ன, சிரிப்பான்.

அப்போதுதான் கலைமதிக்குப் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மாதம் பிறந்ததும் சேர வேண்டும். செடியை யார் பார்ப்பது என்று மாமியார் ஒரே பிடியாய் நின்றாள். மாமியார் இல்லாத ஒரு மதியம், கலைமதி கதிர் அரிவாளை எடுத்துச் செடியைத் தரையோடு தரையாக அறுத்து வீசினாள். பூனை கடித்துப் போட்டுவிட்டது என்று கூசாமல் சொன்னாள். அமிர்தவல்லி சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டாள். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கலைமதி சேலைகளை இஸ்திரி போட்டு எடுத்து வைத்தாள்.

வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முதல்நாள், அறுத்த கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாய்த் துளிர் விட்டிருந்தது. அமிர்தவல்லி அப்போதே மகனை வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நல்லா ஒட்ட வெட்டியிருக்கீங்களே. பூ முடிஞ்சதும் இப்புடித்தாம்மா வெட்டணும். வெட்ட வெட்டத் தழைக்கும், வருசக்கணக்கா நிக்கும். யாரு வெட்டுனது?"

பூனை என்றாள் அம்மா. பூனை அரிவாளா வைத்திருக்கிறது என்று அவன் சிரித்தான்.

அமிர்தவல்லி மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினாள். திட்டட்டும் என்றுதான் கலைமதியும் நின்றாள். திட்டினால் சண்டை போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கிவிடலாம். ஆனால் மாமியார் அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எம்மகன் உசிரு ஒங்கையிலதான் தழைக்குது தாயி. இனிமே நான் தொடமாட்டேன். நீயே பாத்துக்க."

கண்ணில் ஒற்றிக்கொள்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? வேலைக்கு வர முடியாது என்று அன்று மாலையே கலைமதி பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள்.