நடுவில் ஒரு வீடு

யோகா போர்வையைக் கணவர் கேதீஸ்வரனின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். தோட்டத்துக் கதிரையில் அவர் நித்திரை கொள்வது போலவே சாய்ந்திருந்தார். ஆம்புலன்ஸில் வந்த பெண், உயிர் போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும் என்றாள். துணைக்கு யாராவது வருவார்களா என்றும் கேட்டாள்.

"பிள்ளைகள் வருவார்கள்" என்று யோகா ஆங்கிலத்தில் சொன்னாள்.

இந்தப் பௌரல் ஊரில் வீடு வாங்குவோம் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். மகள் வினுஷா சிட்னியில், மகன் யதுர்சன் கன்பராவில்; பௌரல் இரண்டுக்கும் நடுவில். "ரெண்டு பேருக்கும் ஒன்றரை மணித்தியாலம்தான். மாறி மாறி வருவினம், பாரும்" என்று சொல்லி, சிட்னியின் பிளாக்டவுனில் இருபத்தாறு வருடம் இருந்த வீட்டை விற்றார். இங்கே குதிரைகள் மேயும் பண்ணைகள், ஆள் உயரத்துக்கு மேல் சீராக வெட்டிய செடிவேலிகள், வசந்தத்தில் துலிப் பார்க்க வரும் பஸ்கள். பக்கத்து வீட்டாரின் காரைத்தான் யோகாவுக்குத் தெரியும், முகம் தெரியாது. முதல் வருடம் பிள்ளைகள் மாதாமாதம் வந்தார்கள். பிறகு தைப்பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும்.

மத்தியானத்துக்குள் இருவரும் வந்துவிட்டார்கள். அழுது முடிந்ததும் குசினிக்குள் நின்று மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் வாதாடினார்கள். யோகா உள்ளே போனாள்.

"அம்மா, அப்பாவைச் சிட்னிக்குக் கொண்டுபோவம்" என்றாள் வினுஷா. "எங்கட ஆக்கள் எல்லாரும் அங்கதானே."

"கன்பராவில செய்யிறதுதான் நல்லது. அம்மா இனி என்னோடதானே இருக்கப்போறா" என்றான் யதுர்சன்.

"ஆர் சொன்னது?" என்று வினுஷா கேட்டாள்.

அவன் தாயின் பக்கம் திரும்பினான்.

"இங்கயே செய்வம்" என்றாள் யோகா.

"இங்க ஆரம்மா வருவினம்?"

"நீங்கள் ரெண்டு பேரும் வருவியள்தானே."

வினுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டு பைப்பைத் திறந்து, கழுவியிருந்த கோப்பையை மறுபடியும் கழுவினாள்.

புதன்கிழமை மழைக்குள் இறுதிச்சடங்கு எல்லாம் முடிந்தது. பிளாக்டவுனிலிருந்து நான்கு கார்களில் பழைய சிநேகிதர்கள் வந்து, இருட்டுமுன் திரும்பிவிட்டார்கள்.

"நான் ரெண்டு நாள் நிக்கட்டே, அம்மா?" என்று வினுஷா கேட்டாள்.

"வேண்டாம். பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் எல்லே. எட்டாம் நாள் கிரியைக்கு வாங்கோ, அது காணும்."

அடுத்த நாள் காலை தெருவில் குப்பைத் தொட்டிகளின் சில்லுகள் உருளும் சத்தம் கேட்டது. குப்பை எடுக்கும் நாள். இந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டியது மஞ்சள் மூடித் தொட்டியா பச்சை மூடித் தொட்டியா என்று யோகாவுக்குத் தெரியவில்லை. அது எப்போதும் அவர் பார்த்த வேலை. வாசல்வரை நடந்துபோய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. எல்லா வீட்டு வாசலிலும் மஞ்சள் மூடி.

ஈரச் சரளைக்கல்லில் மஞ்சள் மூடித் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்து ஓரமாக நிறுத்தினாள். மூடியில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டாள். உள்ளே திரும்பிப் போகாமல், குப்பை லொறி வரும்வரை அதன் பக்கத்திலேயே நின்றாள்.