காலிதீன் செய்த ஒழுங்கைக் கார்

1978ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கல்முனைக்குடியில் காலிதீன் செய்த கார் ஒரு முழ அகலச் சந்தாக இருந்த ஒழுங்கைக்குள் நுழைந்து, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மறுமுனையால் வெளியே வந்தது. இருபக்கத்துக் கிடுகு வேலியிலும் ஓர் ஓலைகூட அசையவில்லை.

அதுவரை காலிதீன் பெரிய கார்களுக்குப் பேர்போனவர். பழைய சீமைக் கார்களின் எஞ்சினை வைத்துக்கொண்டு பதினெட்டு அடி நீளத்துக்குப் புது உடம்பு கட்டுவார். தேக்குப் பலகை, வெல்வெட் இருக்கை, சர்பத் கிளாஸ் வைக்கத் தனித் தட்டு. பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை வயற்காரப் போடிமார் வீட்டு மாப்பிள்ளைகள் அந்தக் கார்களில்தான் வந்திறங்கினார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் அவருடைய தங்கை அஸீஸாவுக்கு வலி கண்டது. கார் அவள் வீட்டு ஒழுங்கை முனையில் நின்றது. அதற்குமேல் வர முடியவில்லை. கதிரையில் வைத்துத் தூக்கி வரும் வழியிலேயே பிள்ளை பிறந்தது, அழவேயில்லை. நாற்பது நாள் கழிந்த மறுநாள் அஸீஸா அண்ணனின் கராஜுக்கு வந்தாள்.

“காக்கா, உங்கட காரு எங்கட வாசலுக்கு வராதா?”

“அவ்வளவு சின்னனாச் செய்ய ஏலாது தங்கச்சி.”

“வெளியால சின்னன். உள்ளுக்கும் ஏன் சின்னனா இரிக்கோணும்?”

காலிதீன் யோசித்துப் பார்த்தார், காரணம் ஒன்றும் தெரியவில்லை. தன் சொந்தக் காரைக் கழற்றி, இரண்டு மாதம் தட்டித் தட்டிச் சுருக்கினார். தேக்கையும் வெல்வெட்டையும் விட்டுவிடவில்லை. வெளியே அது ஓர் ஆட்டின் உயரம். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு விறாந்தை அகலம். அதை ஓட்டப் பழகியவள் அஸீஸா ஒருத்திதான்.

நூறு ஏக்கர் வயல் வைத்திருந்த அதாவுல்லாப் போடியார் வந்து பார்த்து, “இது காரா, கோழிக்கூடா?” என்று கேட்டார். தான் சொல்லி வைத்திருந்த இருபதடிக் காரை வேண்டாம் என்றார். மற்றப் போடிமாரும் அப்படியே சொன்னார்கள். மழைக்காலம் வரை கராஜுக்குள் ஒருவரும் கால் வைக்கவில்லை.

நவம்பர் இருபத்துமூன்றாந் திகதி சூறாவளி வந்தது. மறுநாள் வெளிச்சம் வந்தபோது றோட்டு முழுக்கத் தென்னைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெரிய கார்கள் எல்லாம் வீட்டு முற்றங்களில் அகப்பட்டு நின்றன. போடியார் ஈரச் சாரனோடு, விழுந்த மரங்களில் ஏறி இறங்கி, அஸீஸாவின் வாசலுக்கு வந்தார். அவருடைய மகள் றாஹிலா இரண்டு நாளாக வலியில் கிடந்தாள்.

“மகள், நான் கதைச்ச கதைய மனசில வைக்காதீங்க,” என்று அஸீஸாவிடம் சொன்னார்.

“ஏறுங்க,” என்றாள் அஸீஸா.

கார் தென்னைகளுக்கு அடியால் போனது. பூனை புகும் இடைவெளியில் பூனையளவாகவும், அதற்கும் குறைந்த இடத்தில் அதற்கேற்ற அளவாகவும் போனது. உள்ளே றாஹிலா கால் நீட்டிப் படுத்திருந்தாள். தாய் பக்கத்தில் சப்பாணி கட்டி ஓதிக்கொண்டிருந்தாள். ஒருவர் முழங்காலும் மற்றவர் மேல் படவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை அழுத சத்தம் ஜன்னலால் கேட்டபோது அஸீஸா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, ஏப்ரலிலிருந்து அழாத அழுகையை அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூரை விழுந்து கால் முறிந்த கனகேஸ்வரியை ஏற்றிவரக் காரைதீவுக்குத் திருப்பினாள். மரங்கள் அகற்றப்படும்வரை ஒன்பது நாட்களில் அவள் நானூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றி இறக்கினாள்.

அதன்பின் பெரிய கார் கேட்டு யாரும் வரவில்லை. 1983க்குள் காலிதீன் முப்பத்திரண்டு சின்னக் கார்கள் செய்தார். அவற்றில் பதினொன்றைப் பெண்கள் ஓட்டினார்கள். போடியாரின் இளைய மகளுக்கு வந்த மாப்பிள்ளை, றபான் அடிப்பவர்களோடும் அறுபது சொந்தக்காரரோடும் ஒரே காரில் வந்திறங்கினார். போடியார் வாசலில் நின்று, ஒவ்வொருவராக இறங்கி முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

1984இல் அம்பாறையிலிருந்து ஓர் அதிகாரி நாடாவோடு அளக்க வந்தார். மூன்று முறை அளந்தார். மூன்று அளவு வந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு, பதிவுப் புத்தகத்தில் நீளம் என்ற இடத்தில் ‘போதுமானது’ என்று எழுதி முத்திரை குத்தினார். அஸீஸா புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சந்தையில் காத்துநின்ற பதினான்கு பேரையும் அவர்களுடைய நெல்மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு பாலமுனைக்குப் போனாள்.