எல்லாம் சார்தான்

கருத்தக்கண்ணனை உள்ளே கூப்பிட்டதும் பேராசிரியர் ஜேசுராஜ் எழுந்து வெளியே வந்துவிட்டார். தன் மாணவன் நேர்முகத்துக்கு வரும்போது வழிகாட்டி தேர்வுக்குழுவோடு உட்காரக் கூடாது. அவரே சண்டை பிடித்துக் கொண்டுவந்த விதி அது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கணிப்பொறி கொண்டு பிளாஸ்மாவை ஆராய ஒரே ஒரு விஞ்ஞானி வேலை. பல்கலைக்கழகம் இழுத்தடித்து இப்போதுதான் மனசு வைத்திருந்தது. கருத்தக்கண்ணனுக்கு அடுத்த மாசம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் உசிலம்பட்டி டுட்டோரியலில் பெயிலான பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போக வேண்டியதுதான்.

ஜேசுராஜுக்குக் கவலையே இல்லை. பிளாஸ்மா என்கிற கொதிக்கும் வாயு காந்தப்புலத்துக்குள் எப்படித் திமிறும் என்று கணக்கிடும் புரோகிராம் முழுக்க அவன் எழுதியது. மதுரையில் அதற்கேற்ற கணிப்பொறி ஏது? புரோகிராமை வரி வரியாக அட்டைகளில் துளை போட்டு, கட்டிச் சுமந்து, மெட்ராஸுக்கு ரயிலேறியவன் அவன். ஒரு துளை தப்பினாலும் திரும்பி வந்து மறுபடி போட்டவன் அவன். ஜேசுராஜ் செய்ததெல்லாம் கட்டுரைகளில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டதுதான். துறையில் எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள்.

அவன் வெளியே வந்ததும் இவரை உள்ளே அழைத்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்திருந்த நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கமான பையன். ஆனா புரோகிராம் யார் எழுதினதுன்னு கேட்டா, எல்லாம் சார்தான்ங்கிறார். இந்தக் கணக்கு முறை யாரோட யோசனைன்னா, அதுவும் சார்தானாம். பின்னே நீங்க என்னதான் செஞ்சீங்கன்னு கேட்டா, சார் சொன்னதைச் செஞ்சேன்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார்."

"இல்ல சார். எல்லாம் அவன் மூளை. எனக்கு அந்தப் புரோகிராமை முழுசா வாசிக்கக்கூடத் தெரியாது."

நிபுணர் சிரித்தார். "என் மாணவனுக்காக நானும் இப்படித்தான் பேசுவேன்." கட்டுரையை இவர் பக்கம் திருப்பினார். "அச்சுலயும் உங்க பேர்தானே முதல்ல நிக்குது?"

வேலைக்கு வேறொருவர் பெயரை எழுதினார்கள். ஜேசுராஜும் கையெழுத்துப் போட்டார். வலிக்கவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

வேப்பமரத்தடியில் கருத்தக்கண்ணன் காத்திருந்தான். இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"துருவித் துருவிக் கேட்டாக சார். நான் அசரலையே. ஒரு எடத்துலயும் உங்களை விட்டுக்கொடுக்கல. சரிதான சார்?"

"சரிதான்டா."

"எப்ப சார் சேரச் சொல்லுவாக? வீட்டுக்குப் போனதும் ஆத்தா அதைத்தான் கேக்கும்."

ஜேசுராஜ் வெயிலைப் பார்த்தார்.

"நட. பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வாரேன்" என்றார்.